விளக்குக்கு நாற்பது பைட்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. 1983இல் டண்டீ நகரின் கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் என் பக்கத்து இருக்கையில் வேலைபார்த்த லோர்னா கெடஸ் சொன்னது. "எங்கம்மா இருக்கிற வரைக்கும் எழுதாத" என்றாள். காத்திருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "திறந்த உலக விளையாட்டு என்பது யாதெனில், ஆடுபவர் எந்தத் திசையிலும், எந்த வரிசையிலும்..." அடித்துவிட்டேன். பிறகு: "டே ஆற்றின் மேல் மூடுபனி..." அதையும் அடித்தேன். இங்கே மூடுபனியை யார் கவனிக்கிறார்கள்?

2

லோர்னாவும் தம்பி அலஸ்டரும் சமையலறை மேசையில் ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு படகு, கடல், தீவுகள். அன்றைய விளையாட்டுகள் பலவற்றில் மூன்று உயிர், மேலே புள்ளிக்கணக்கு, ஐந்து நிமிடத்தில் சாவு. இதிலோ எங்கும் போகலாம்; மீன் பிடிக்கலாம், விற்கலாம், சும்மா மிதக்கலாம்.

(அத்தனை சின்ன நினைவகத்தில் கடல் எப்படி அடங்கும்? அடங்காது. ஒரே ஓர் எண்ணை வைத்தார்கள். படகு நெருங்கினால் அந்த எண்ணிலிருந்து தீவு பிறக்கும், விலகினால் மறையும், திரும்பி வந்தால் அதே மலை, அதே துறை.)

விளையாட்டு விற்கும் ஒரு லண்டன் கம்பெனியிலிருந்து ஹார்கிரீவ்ஸ் வந்து ஆடிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எப்ப முடியும்?"

"முடியாது சார்" என்றாள் லோர்னா.

"அப்ப ஜெயிச்சது யாருன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம்" என்றான் அலஸ்டர்.

"தம்பி, கடைசியில ஒரு புதையல் வை. கடலுக்கு ஒரு எல்லை வை. இல்லன்னா எவன் வாங்குவான்? ஒரு மாசம் டைம்."

3

அலஸ்டர் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. 1968இல் ஆர்ப்ரோத் துறைமுகத்திலிருந்து மீன்பிடிக்கப் போன அவன் அப்பாவின் படகு திரும்பவில்லை. அதனால்தான் முடிவில்லாத கடலைப் படைத்தான் என்று ஒரு வரி எழுதி, அவனிடமே காட்டினேன்.

"அதெல்லாம் சும்மா. முடிவு வைக்க மெமரில இடமில்ல" என்றான்.

வரியை எடுத்துவிட்டேன். (எடுக்கவில்லை, பார்த்தீர்களா?)

4

ஒரு ஞாயிறு மதியம், மேசையைத் துடைக்க வந்த அம்மா ஈசொபெல் உட்கார்ந்து விசையை அழுத்தினார். கிழக்கு. தீவுகளைத் தாண்டி, மீனைப் பார்க்காமல், கிழக்கு மட்டும். ஒன்றரை மணி நேரம். அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்ந்தது.

"எங்க போறம்மா?" என்றாள் லோர்னா.

"உங்கப்பா போன பக்கம்."

விசையிலிருந்து விரலை எடுக்காமலே அம்மா மகனிடம் கேட்டார்.

"இது எங்கடா முடியுது?"

"முடியாதும்மா" என்றான் அலஸ்டர்.

"முடியாத கடல எந்தப் பைத்தியக்காரன்டா செய்வான்? பதினஞ்சு வருஷமா நான் அதுலதான் கெடக்கேன்."

அலஸ்டர் பென்சிலை எடுத்தான். "எல்லை வச்சிடறேம்மா. புதையலும் வச்சிடறேன்."

"புதையல் எனக்கெதுக்கு? ஒரு தீவுலயும் வெளக்கு இல்லையே! வர்றவன் எதப் பாத்துடா கரை சேருவான்?"

விளக்குக்கு நாற்பது பைட் நினைவகம் வேண்டும். மிச்சமிருந்தது பதினொன்று. அந்த வாரமே, தங்கள் விளையாட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்த புள்ளிக்கணக்கைப் பிடுங்கி எறிந்தார்கள். தீவுதோறும் ஓர் ஒளிப்புள்ளி மினுங்கியது.

ஹார்கிரீவ்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். அவர்களே கேசட்டில் பதிந்து தபாலில் அனுப்பினார்கள், முந்நூறு போனது. ஹல் நகரிலிருந்து ஒரு பெண் எழுதினாள்: "நான் எதுவும் செய்யவில்லை. ஒரு தீவில் படகைக் கட்டிவிட்டு இருக்கிறேன். இது சரிதானா?"

அலஸ்டர் ஒரே சொல்லில் பதில் போட்டான்: "சரி."

5

நான் யோசித்த முடிவுகள்.

(அ) அலஸ்டர் ரகசியமாகக் கிழக்கே ஒரு பழைய படகை வைக்கிறான். அம்மா அதைக் கண்டுபிடிக்கிறார். லோர்னாவிடம் சொன்னேன். "அப்படிச் செஞ்சிருந்தா அவன் கழுத்த நெரிச்சிருப்பேன்" என்றாள்.

(ஆ) அம்மா அழுகிறார், எல்லோரும்... வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான். விளக்கு வைத்த பிறகு அம்மா மறுபடி உட்கார்ந்தார். நெடுநேரம் கிழக்கே போய், இரண்டு விளக்குகளுக்கு நடுவில் விரலை எடுத்தார். படகு நின்றது. லோர்னாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீடு திரும்பியபோது திரை அணைந்திருந்தது, அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். படகை எந்தப் பக்கம் திருப்பினார் என்று லோர்னா கடைசிவரை கேட்கவில்லை.

நானும் எழுதப் போவதில்லை. அங்கிருந்து நீங்கள் அவரோடு போங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.