முந்திக்கொண்ட வண்டி

தம்பியின் வலது கை விரல்கள் மடங்காமல் போவதற்கு முந்தைய வாரமே, அவன் ஓட்டிய லாரியின் ஸ்டியரிங்கில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கிண்ணம் முளைத்திருந்தது. இரும்புக் கிண்ணம். வெல்டிங் தழும்பு இல்லை, நட்டு போல்ட்டு இல்லை. மேலிருந்த பச்சை பெயிண்ட் வண்டியின் வயதுக்குத் தக்கபடி மங்கியிருந்தது. உள்ளே கொஞ்சம் பழைய தூசியும் இருந்தது. அக்கா வைத்திருப்பாள் என்று தம்பி நினைத்தான். அவன் வைத்திருப்பான் என்று அக்கா நினைத்தாள். கேட்டுக்கொள்ளாமலே நாட்கள் போயின.

அது நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி. அந்த வகையைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். கிளட்சை மிதிக்க ஓர் ஆள், கியர் போட இன்னோர் ஆள் வேண்டும் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஆனால் மலை மேலிருந்த கல் குவாரிக் குடியிருப்புக்குச் சேற்றில் ஏறக்கூடிய வண்டி அது ஒன்றுதான். கேஸ் சிலிண்டர், மருந்து, தபால், தபால்காரர், பிரசவத்துக்கு இறங்கும் பெண்கள் எல்லாம் அதில்தான் போய்வந்தார்கள். தம்பிக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள அவன் ஆசைப்பட்டதும் இல்லை.

அவனுடைய இடது கால் முதலில் போனது. நரம்பு நோய், படி இறங்குவது போல ஒவ்வொன்றாக இறங்கும், அடுத்த படி எது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். தம்பி அக்காவின் பட்டறைக்கு நொண்டிக்கொண்டே வந்து, "உக்காந்துதான் ஓட்டுறேன், ஆனா என்னை உக்கார வச்சுராதக்கா" என்றான். அக்கா டேப்பை எடுத்தாள். வண்டியை அவள் அளக்கவில்லை, அவனை அளந்தாள். தோளிலிருந்து விரல் நுனி வரை, இடுப்பிலிருந்து முழங்கால் வரை அளந்து, டாஷ்போர்டில் சாக்பீஸால் கோடு போட்டாள். கியர் கம்பியின் தலையில் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பிடியைப் பொருத்தி, அதிலிருந்து கேபிள் இழுத்தாள். கேபிளின் பலம் போதவில்லை. எஞ்சின் உறிஞ்சும் காற்றில் வேலை செய்யும் டப்பா ஒன்றை நடுவில் வைத்தாள். அதன் பிறகு விரலால் அழுத்தினாலே கிளட்ச் இறங்கியது.

வேலை முடிந்த எந்த வண்டியையும் அனுப்பும்போது பானெட்டைத் தட்டி "பாத்துக்கோ" என்று சொல்வது அவள் வழக்கம். அன்றும் சொன்னாள். தம்பி என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிட்டாள். அவள் கவனித்துக்கொள்ளச் சொன்னாள். வண்டி அதைப் பார்க்கச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டது. விளக்கு ரெண்டும் முன்பக்கம் இருக்கிற ஜென்மம் முன்னால்தானே பார்க்கும் என்று தபால்காரர் பிற்பாடு விளக்கம் சொன்னார்.

விரல்கள் நின்றுபோன நாளில் ஏற்றத்தின் பாதியில் கை தானாகப் போய்க் கிண்ணத்தில் உட்கார்ந்தது. அளவு அப்படியே இருந்தது. சாயங்காலம் இறங்கி வந்த பிறகுதான் கிண்ணத்தை யார் வைத்தது என்ற பேச்சே வந்தது. தம்பியின் மனைவியும் அதைக் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை வண்டி பார்த்துச் செய்யவில்லை, செய்துவிட்டுப் பார்க்கிறது. கிண்ணம் வந்ததால்தான் கை போனது. அக்கா வண்டியைப் பட்டறைக்குள் விட்டுப் பூட்டினாள். ஒருநாள் காலையிலிருந்து வைத்த கண் வாங்காமல் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. கீழே விழுந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது, ஸ்டியரிங் பக்கத்தில் முழங்கையால் தள்ளினால் பிரேக்கும் இழுத்தால் ஆக்ஸிலேட்டரும் ஆகிற கம்பி ஒன்று இருந்தது. தம்பியின் வலது காலுக்கு அப்போது ஒரு குறையும் இல்லை.

மனைவி அழுதாள். "அறுத்துப் போடுங்கக்கா. அது இல்லன்னா இவருக்குக் கால் இருக்கும்." அக்கா கிரைண்டரை எடுத்து அறுத்தாள். கம்பி வண்டியிலிருந்து பிரிந்தபோது மற்ற இரும்பைப் போலவே பொறி பறந்தது, மற்ற இரும்பைப் போலவே சுட்டது. பிறகு தம்பி வழக்கம்போல மலை ஏறிக்கொண்டிருந்தான். ஒரு மழை நாளில், வளைவுக்கு நடுவே, அவன் வலது கால் பிரேக்கின் மேல் வெறும் கட்டையாகக் கிடந்தது. வண்டி பின்னால் உருண்டது. பக்கத்திலிருந்த தபால்காரர் கைப்பிரேக்கில் இரண்டு கையாலும் தொங்கி நிறுத்தினார். அவர் நெற்றி உடைந்தது, தபால் பை பள்ளத்தில் போனது. மறுநாள் அக்கா அறுத்த கம்பியைத் தேடி எடுத்துத் தானே வெல்டிங் வைத்தாள். வண்டியில் தழும்போடு இருந்தது அந்த ஒரு இடம்தான்.

அதற்குப் பிறகு யாரும் அறுக்கச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பது போலத் தம்பி வண்டியைப் பார்த்தான். பயணிகளும் ஏறியவுடன் தங்கள் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். "எனக்கு ஒண்ணும் புதுசா இல்லையே?" என்று தபால்காரர் தினமும் கேட்பார். "உமக்கு மூளைக்கு ஒரு பிடி வரும்னு பாக்குறேன், வர மாட்டேங்குது" என்பான் தம்பி. மார்பைத் தாங்கும் பட்டை வந்தது. கழுத்துக்குத் தொட்டில் வந்தது. தம்பி அவற்றை வந்த வரிசையிலேயே பயன்படுத்தினான். அந்த மழை நாளுக்குப் பிறகு, அவன் ஓட்டிய நாள்வரை சிலிண்டர் ஒருநாள்கூடத் தாமதமானதில்லை.

ஒரு காலையில் எல்லாம் போயிருந்தன. கிண்ணம் இல்லை, கம்பி இல்லை, பட்டை இல்லை. அக்கா தன் கையால் வைத்த கிளட்ச் பிடிகூட இல்லை. மூன்று மிதிகளும் கம்பெனியிலிருந்து வந்தது போலத் தரையில் நின்றன. மனைவி வீதிக்கே ஓடிவந்து சொன்னாள். வண்டி ஒருநாளும் பொய் சொன்னதில்லை, ஆகவே இனி அவனுக்குக் கை கால் எல்லாம் திரும்பி வரும் என்று அக்கம்பக்கத்தார் கணக்குப் போட்டார்கள். தம்பியை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்துக் கால் விரலை அசைக்கச் சொன்னார்கள். அவன் முயன்றான். அசைந்தது என்று மூன்று பேர் சொன்னார்கள்.

ஆனால் சிலிண்டர்கள் ஏற்றியாகிவிட்டது. மேலே ஒரு வீட்டில் மூச்சுத் திணறலுக்கு மருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று மட்டும் நான் எடுக்கிறேன் என்று அக்கா சொன்னாள். அவள் மலையில் ஓட்டியதே இல்லை. குள்ளம். முதுகுக்குப் பின்னால் மடித்த சாக்கு வைத்தால்தான் மிதி எட்டும். இடது கைக் கட்டைவிரலை இளவயதில் பிரஸ் மெஷினுக்குக் கொடுத்துவிட்டதால் கியர் கம்பியைப் பிடித்தால் வழுக்கும். பட்டறை முற்றத்துக்குள் முன்னே பின்னே நகர்த்துவதோடு சரி.

அவள் சாக்கை எடுத்துக்கொண்டு ஏறினாள். அதை வைக்க இடமிருக்கவில்லை. சீட்டு முன்னால் வந்திருந்தது. இரண்டு பாதங்களும் தேடாமலே மிதிகளில் போய் நின்றன. பக்கவாட்டுக் கண்ணாடி அவள் கண் மட்டத்துக்குத் தாழ்ந்திருந்தது. கியர் குமிழில், கட்டைவிரல் இல்லாத கை பிடித்தால் நழுவாதபடி ஒரு பள்ளம் இருந்தது. அவள் கை அதில் பூட்டிக்கொண்டது. அவள் எஞ்சினைக் கிளப்பவில்லை. அங்கேயே, யாருக்கும் முகம் தெரியாதபடி, கியர் கம்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கூட்டம் இன்னும் கால் விரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. தம்பி மட்டும் வண்டியைப் பார்த்தான். அப்போது அவன் குரல் மெலிந்துவிட்டிருந்தது, என்றாலும் அவளுக்குக் கேட்டது.

"உனக்குச் சரியா இருக்காக்கா?"

பொய் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். "இருக்குடா" என்றாள்.

அவன் கண் அவளிடமிருந்து பக்கத்துச் சீட்டுக்குப் போனது. பிறகு, "அப்ப என்னையும் ஏத்திக்கோ. உனக்கு நாலு சக்கரத்தையும் சேத்து இழுக்க வைக்கிற அந்தக் குட்டை லிவர் எப்பப் போடணும்னு தெரியாது" என்றான்.

அவனைத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்தபோது மார்புப் பட்டையும் கழுத்துத் தொட்டிலும் அந்தப் பக்கம் வந்து காத்திருந்தன. அந்த மழைக்காலமும் அடுத்த கோடையும் அக்கா ஓட்டினாள், தம்பி சொல்லிக்கொடுத்தான், திட்டினான். கிளட்சை அவள் கசக்குவது தன் நெஞ்சைக் கசக்குவது போல இருக்கிறது என்றான். வளைவுகளில் சரியாக எடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். ஒரு காலை, பக்கத்துச் சீட்டு வெறும் சீட்டாக இருந்தது. பட்டை இல்லை, தொட்டில் இல்லை. அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. சரக்குக் கட்டும் நாடாவால் அவனை நிதானமாகக் கட்டி, தலைக்குப் பக்கத்தில் சாக்கை மடித்து வைத்து, மேலே குவாரியைத் தாண்டி வண்டி போகும் கடைசி இடம்வரை அழைத்துப் போனாள். அங்கிருந்து பார்த்தால் ஏறி வந்த பாதை முழுவதும் தெரியும். பார்த்துக்கொண்டிருந்தபடியே தம்பியின் மூச்சு அங்கேயே நின்றது. இறங்கும்போது, கூட வந்திருந்த தபால்காரர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா பல வருடங்கள் ஓட்டினாள். மனைவி பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொண்டாள், வண்டியைக் கழுவவும் பழகிக்கொண்டாள். கழுவும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். குவாரியில் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் பாதை, பள்ளம், வண்டி மூன்றையும் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கமாயிற்று. போன வாரம் அக்கா ஏறியபோது வேக மீட்டரில் எண்கள் பெரிதாகியிருந்தன. அவள் கண் டாக்டரைக் கூப்பிட்டு நேரம் குறித்துக்கொண்டாள். பிறகு வண்டியை எடுத்தாள்.