டூல் பெட்டியில் கிடந்த மெடல்

என் புருஷன் தமிழரசு செத்துப்போனதாக அவருடைய பங்காளிகளே முடிவு செய்துவிட்டார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் வேலைக்கு வடக்கே போனவர். மூன்று வருஷமாகப் போனும் இல்லை, தகவலும் இல்லை. முதலாளி, அவர் பாதியில் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று கைகழுவிவிட்டார். வருகிற அமாவாசைக்கு வைக்கோலில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம், வசந்தாமணி அன்றைக்கே தாலியைக் கழற்றிவிடட்டும் என்று பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் செத்ததற்கு ஒரு சாட்சி காட்டுங்கள், கழற்றுகிறேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். என் பக்கம் நின்றது மாமியார் சௌந்திரம் மட்டும்தான்.

வடக்கிலிருந்து பழைய ரிக் எது சங்ககிரிக்கு உடைக்க வந்தாலும் நான் போய்ப் பார்ப்பேன். பழைய வண்டி வியாபாரி அன்வர் பாட்சாவுக்கு என்னைப் பழக்கம். இந்த முறை ஒரு ரிக்கின் டூல் பெட்டியை அவர் தரையில் கவிழ்த்தபோது, கிரீஸ் பிடித்த ஸ்பேனர்களோடு ஒரு மெடலும் விழுந்தது. அதன் விளிம்பில் வரிசையாக மூன்று பஞ்ச் புள்ளி, கீழே ஒரு கோடு. அது என் புருஷன் குத்தும் அடையாளம். ரிக்கில் ஆளுக்கு ஆள் சாமானை மாற்றி எடுத்துவிடுவார்கள் என்று எதை வாங்கினாலும் குத்திவிடுவார். எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டில்கூட அது இருக்கிறது. வண்டி பல கை மாறி வந்தது, எந்த ஊரென்று தெரியாது என்றார் பாட்சா. மெடலுக்குக் காசு வாங்கவில்லை.

மெடலின் ஒரு பக்கம் உருண்டை உருண்டையாகத் தேய்ந்த எழுத்து. போன் கேமராவைக் காட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று உளறியது. மறுபக்கம் ஏதோ கூர்மையாக மேலே எழும்பி இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. திருச்செங்கோட்டு ரிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள், போரில் தண்ணீர் பீச்சி அடிக்கிறது என்று. எந்தக் கம்பெனியோ ஆயிரம் போர் போட்ட விழாவில் கொடுத்திருக்கும் என்றார்கள். நானும் நம்பினேன். நல்ல வேலைக்காரர், பரிசு கொடுத்திருப்பார்கள் என்று பெருமைகூடப் பட்டேன். கம்பெனி கம்பெனியாகப் போன் போட்டேன். எங்களுடையது இல்லை என்று எல்லாரும் வைத்துவிட்டார்கள். பங்காளிகளோ பூசாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி கண்ணை மூடினால் எரிகிற வைக்கோல்தான் தெரிந்தது.

கடைசியில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பாலசுந்தரம் என்பவர் பழைய மெடல்களைச் சேர்த்து வைப்பவர் என்று கேள்விப்பட்டு ஓடினேன். லென்ஸ் வைத்துப் பார்த்து, எழுத்து ஒடியா என்றார். கட்டாக்கில் இருக்கும் சிநேகிதருக்குப் படம் அனுப்பினார். நான் காபி குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. படித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது தண்ணி இல்லம்மா. அந்தப் பக்கம் கல்யாணத்துல மாப்பிள்ளை தலையில வைக்கிற கிரீடம்."

போன வருஷம் அங்கே ஒரு ஊரில் நிறைய ஜோடிகளுக்கு ஒரே பந்தலில் கல்யாணம் நடந்ததாம். அதன் ஞாபகமாகக் கொடுத்த மெடலாம். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருப்பார்களா என்று கேட்டேன். மாப்பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று போட்டிருக்கிறது என்றார். வேறு யாருடையதாவது இவர் கைக்கு வந்திருக்கலாம் என்று அவரே சமாதானமும் சொன்னார். அடுத்தவர் பொருளில் என் புருஷன் புள்ளி குத்த மாட்டார். அதைச் சொன்னதும் அவர் மெடலை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம்தான் எனக்கு முதலில் வந்தது. அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மற்றதெல்லாம் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். காரியத்தைச் செய்யட்டும், நாளைக்கே எரிக்கட்டும், நானே கொள்ளி எடுத்துக் கொடுக்கிறேன் என்று கறுவிக்கொண்டேதான் ஊர் வந்து இறங்கினேன்.

மாமியார் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

"உசுரோட இருக்கறானா, சாமி?"

"இருக்கறாருங்க அத்தை."

அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் நடுரோட்டில் உட்கார்ந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். எழுந்ததும் என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போனார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் மகன் இருக்கிறான், காரியம் கிடையாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மன் சன்னதியில் குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தார். தாலியை வெளியே இழுத்து அதற்கும் வைத்தார். நான் குனிந்து கொடுத்தேன்.

"எப்ப வாரானாம்?" என்று கேட்டார்.

"சீக்கிரம் வந்துருவாருங்க," என்றேன்.