சுத்தமான கறுப்பு கவர்

“கவர்ல இன்னா சௌமி கண்டுபுடிக்கப் போற? கவர்னா கவர்தான்.”

“ஒரே ரோல்ல அடுத்தடுத்து கிழிச்ச ரெண்டு கவர ஒண்ணா வெச்சா, கிழிஞ்ச விளிம்பும் ஒத்துப்போவும், பிளாஸ்டிக் உள்ள ஓடுற கோடும் ஒத்துப்போவும் பாவா.”

“ஆங்! பத்துப் பொருத்தமும் இருக்குதுன்னு சொல்லு.”

போன மாதம் இட்லி சாப்பிடும்போது அசோக்குமாரோடு நடந்த இந்தப் பேச்சு, தடயவியல் லேபில் கறுப்பு கவர் ஒன்றை விளக்கு மேசையில் விரித்தபோது சௌமியாவுக்கு நினைவு வந்தது.

அசோக்குமார் அத்தை மகன் என்ற முறையில் அவளுக்குப் பாவா, ஆறு வருடமாகக் கணவன், ஆந்திர எல்லையோரத்து ஸ்டேஷன் ஒன்றில் எஸ்.ஐ. இந்த ஆறு வருடத்தில் அவன் ஒரு தவறும் செய்ததில்லை. பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை. அரக்கோணம் ரயிலை விட்டுவிட்டால் ரயிலுக்கு அவசரம். அவனிடம் கேட்க நினைத்து அவள் கேட்காமலே வைத்திருந்தது நகையோ புடவையோ அல்ல, ஒரே ஒரு வாக்கியம்.

பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டில் இரண்டு கட்டு லுங்கி திருடு போனது. திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் கறுப்பு கவர் ஒன்றில் கிடைத்தது. சுமை தூக்கும் வேடியப்பன் வீட்டில் கறுப்பு கவர் ரோல் ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் கவரைத் தடை செய்து வருடக்கணக்கானதால், தமிழ்நாட்டிலேயே அதை வைத்திருந்த ஒரே ஆள் அவன்தான் போலும். மூன்று வாரமாகச் சிறையில் இருக்கிறான்.

கணவன் பிடித்த வழக்கு என்று சௌமியா ஒதுங்கப் பார்த்தாள். “கவருக்கு உன் சொந்தபந்தம் தெரியுமாம்மா? வேற ஆளெல்லாம் லீவு. நீயே பாரு” என்றார் மேலதிகாரி.

பார்த்தாள். லுங்கி இருந்த கவரும் வேடியப்பனின் ரோலும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த ரோலைச் சுற்றி ஸ்டேஷன்காரர்கள் அனுப்பிய வெளிக்கவரும் லுங்கிக் கவரும் விளிம்போடு விளிம்பு பொருந்தின. அறிவியல்படி, லுங்கியைத் திருடியது போலீஸ் ஸ்டேஷன்.

சாயங்காலம் அசோக்குமார் தொப்பியைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“அதுவா? கெடச்ச கவர் சேறும் சாணியுமா நாறிகினு இருந்திச்சி. அப்டியேவா கோர்ட்டுக்கு அனுப்புறது? தூக்கிப் போட்டுட்டு ஸ்டேஷன் ரோல்லருந்து புதுசா ஒண்ணு கிழிச்சேன்.” விருந்தாளிக்குப் புது இலை போட்டவனின் பெருமை முகத்தில் தெரிந்தது.

“பழசு எங்க?”

“குப்பை வண்டில போயிருக்கும்.”

“திருடனோட கைரேகையும் அதுலயே போச்சா?”

“லுங்கிதானடி காணாமப் போச்சி? கவரா காணாமப் போச்சி?” குரல் சற்று இறங்கியது. “ரிப்போர்ட்ல சரியா தெரியலன்னு எழுதிடேன்.”

“மத்தியானமே அனுப்பிட்டேன்.”

“வீட்டுக்காரன்னுகூட பாக்கலியா?”

“பாத்தேன் பாவா. விளக்கு மேல வெச்சா கோடுதான் தெரியுது.”

அசோக்குமார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “நாளைக்கு வேடியப்பன் ஜாமீன் மனு வருது. லேப்ல எவனோ கவர மாத்திட்டான்னு சொல்லிக்கறேன்.”

“அந்த எவனோ நான்தான்.”

“உன் பேரா சொல்லப் போறேன்?”

லேப் மேல் பழி விழுந்தால் அவளுக்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு போய்விடும். வேடியப்பன் மட்டும் ஜாமீன் கிடைக்காமல் மறுபடியும் சிறைக்குப் போவான், எத்தனை மாதத்துக்கோ. சௌமியா அவன் கையிலிருந்த தொப்பியை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“பாவா, ஆறு வருசமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி நின்னு, ‘தப்பு என்னுதுதாங்க ஐயா’ன்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க.”