அலாஸ்காவில் கேட்காத கேள்வி

1972ஆம் ஆண்டு, கடற்கரை ஊரான நிலாவெளியில், பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு அமெரிக்கர் பேச வந்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் வேலை ஆங்கில ஆசிரியை புஸ்பராணியின் தலையில் விழுந்தது. தன் நாடு பிரான்சிடமிருந்து லூசியானாவையும் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவையும் சண்டையில்லாமல் விலைக்கு வாங்கியதை அவர் பெருமையோடு சொன்னார்.

கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் கரைவலை மீனவர் பக்கீர் பின்வரிசையில் எழும்பினார்.

"ரீச்சர், ஒண்டு கேட்டுச் சொல்லுங்க. ஒருத்தன் வித்தான், ஒருத்தன் வாங்கினான். அங்க இருந்த சனத்திட்ட ஆரும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

புஸ்பராணிக்குக் காது சுட்டது. பக்கீரின் ஆட்கள் வலை இழுக்கும் கரையோரக் காணியை அவள் கணவன் இராசதுரை, ஹோட்டல் கட்ட வந்த கொழும்பு முதலாளிக்கு விற்கப் பேசியிருந்தான். ஊருக்கே அது தெரியும். கேள்வியை மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு கேட்டது கேட்டபடியே சொன்னாள்.

அமெரிக்கர் பக்கீரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"இல்லை, கேட்கவில்லை. ஆனால் அலாஸ்காவின் பூர்வகுடிகள் விடவில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகு, போன வருஷம்தான், நிலத்தில் ஒரு பங்கை அவர்களுக்கே கொடுக்கச் சட்டம் வந்தது."

அதைத் தமிழில் சொல்லும்போது அவள் குரல் தானாகவே உயர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, பக்கீர் காக்காவிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"காணி எங்கட. அவரிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

"காணி எங்கடதான். கரை அவையின்ர சீவியம். ஒருக்காப் போய்க் கதையுங்கோ."

இராசதுரை சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு ஒரு காலை தானாகவே கரையிலிருந்த பக்கீரின் ஓலை வாடிக்குப் போனான். இருவரும் வலை இழுக்கும் இடத்தையும் வள்ளம் ஏற்றும் இடத்தையும் நடந்து பார்த்தார்கள்.

"இவ்வளவையும் விட்டாப் போதும் தம்பி. ஹோட்டல் வரட்டும். மீனை எங்களிட்டத்தானே வாங்கோணும்!" என்று பக்கீர் சிரித்தார்.

அந்தத் துண்டை விட்டு வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை. வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிக் காரில் ஏறினார். இராசதுரை தடுக்கவில்லை. சில கிழமை கழித்து, வேறு நல்ல இடம் கிடைக்காமல் அவரே திரும்பி வந்தார். கரையோரத் துண்டும் அதற்குப் போகும் பாதையும் நீங்கலாக விற்பனை உறுதிப் பத்திரம் எழுதப்பட்டது.

அடுத்த மீன் காலத்தில் ஹோட்டல் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் பக்கீரின் வலை கரையேறியது. சுவர் கட்டிய மேசன்மாரும் வந்து கயிற்றில் கைகொடுத்தார்கள். இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இராசதுரையும் இழுத்தான். மணலில் சறுக்கி விழுந்தான். புஸ்பராணி வாய்விட்டுச் சிரித்தாள்.