பத்தியம் முடிந்த பிறகு

என் தங்கை கனகவல்லிக்கு ஹார்ட் ஃபெயிலியர் என்று டாக்டரம்மா சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு வயது இருபத்திநாலு. எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் செத்தவர்களுக்குத்தான் சொல்வார்கள். அவளோ உள்ளே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கரைத்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரசவத்துக்கு இரும்புலியூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா செல்லியம்மாள் மூன்று மாதம் பத்தியம் போட்டாள். உப்பு பேருக்கு. தண்ணீர் அதைவிடக் குறைவு. நான் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவன். இவள் சொம்பைத் தேடுவதும் அம்மா பிடுங்குவதுமாக என் தூக்கம் போனது. "தண்ணி குடிச்சா வயிறு சரியும்டி." தடுப்பூசி போட வந்த நர்ஸ் இதைக் கேட்டுத் திட்டினாள். அம்மா அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். பத்தியத்தை விடவில்லை.

பிறகு தங்கையை அவள் புருஷன் துளசிங்கம் கோவிலம்பாக்கத்துக்கு அழைத்துப் போனான். மாமியார் எல்லம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மூன்று மாத ஆசையைத் தங்கை அதில் தீர்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பார்க்கப் போனேன். சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கொலுசு சதையில் பதிந்திருந்தது.

"படுத்தா மூச்சு முட்டுதுண்ணா. தண்ணில முங்கின மாதிரி கீது."

"நாலு பாத்திரம் தேய்ச்சா மூச்சு வாங்குதாம்," என்றாள் எல்லம்மா. "நான் ஆறு பெத்தவ. மறு வாரமே நாத்து நட்டேன்."

கொலுசுக்கு மேலே விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ஆட்டோ பிடித்தேன். எல்லம்மா கத்திக்கொண்டே இருந்தாள்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: "இதயம் நிக்கல. ரத்தத்தைத் தள்ளப் பலமில்ல. சிலருக்கு விறைச்சுப் போய் சரியா நிறையாது. இவங்களுக்குத் தளர்ந்து பெரிசாயிடுச்சு. அதனாலதான் நுரையீரல்ல நீர், கால்ல வீக்கம்."

"பீடி, குடி எதுவும் கிடையாதே," என்றேன்.

"அதுவும் காரணம்தான். ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு, கெட்டுப்போன வால்வு, எல்லாம் காரணம். இவங்களுக்குப் பிரசவம். அபூர்வமா வரும். ஏன்னு எங்களுக்கும் தெரியாது."

சேதி கேட்டு ஓடி வந்திருந்த அம்மாவிடம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அம்மா திட்டு வாங்கத் தயாராகித் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"உப்பும் தண்ணியும் கொறைஞ்சதால நீர் கோக்கல. அதான் தாங்கினாங்க. நோய் வெளிய தெரியாமப் போனதும் அதனாலதான்."

அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். பத்தியம் இன்னும் நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், முதலிலேயே இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டுமே நன்றாக இல்லை.

ஊசியில் நீர் பிரிந்தது. வீக்கம் வடிந்தது. ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"பொழைச்சுட்டாங்க. மாத்திரை விடக்கூடாது. இன்னொரு குழந்தை வேண்டாம். உண்டானா உயிர் போயிடலாம். கருத்தடை ஆபரேஷனும் இப்ப தாங்க மாட்டாங்க."

எல்லம்மா தாழ்ந்த குரலில்தான் ஆரம்பித்தாள். "ஒரு பொட்டப்புள்ளதான கீது. எம்புள்ளைக்கு வயசு கீது மேடம். இன்னா பண்றது?"

நான் துளசிங்கத்தைப் பார்த்தேன். கல்குவாரி லாரி ஓட்டுகிறவன். சட்டைக்குக் கலர் எடுக்கக்கூட அம்மாவைக் கேட்பவன். அடுத்த தையில் வேறு பெண் பார்ப்பார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவனை எங்கே அடிப்பது என்பது மட்டும்தான் பாக்கி.

"அவளுக்குக் கத்தி வைக்க முடியாதுன்னா எனக்கு வைங்க," என்றான்.

எல்லம்மாவுக்கு வாய் திறந்தது. "லாரி ஓட்ற ஆம்பளடா நீ."

"லாரிய அதாலயா ஓட்றேன்?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் கை இன்னும் முஷ்டியாகவே இருந்தது. அவனை எனக்குத் தெரியும் என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

"எந்தக் கெழமை வரணும் மேடம்?" என்று அவன் கேட்டான்.