மிளகு ஷெட்டில் செருப்பு

“மொளகு காயிற எடத்துல செருப்போட ஏறாதேன்னு எத்தனை தடவ—”

“கால்ல முள்ளு ஏறியிருக்குன்னு நானும் எத்தனை தடவைங்க—”

“முள்ளு உன் காலுல. மொளகு என்ன பண்ணுச்சு? கழட்டிட்டு வா.”

அர்த்தனாரி ஜீப் ஷெட்டுக்குள் நின்று சத்தம் போட்டார். ஜீப்பை மழையில் விட்டுவிட்டு, தரை முழுக்க மிளகைப் பரப்பி மேலே விசிறியைச் சுழலவிட்டிருந்தார். அவர்கள் ஊரில் மிளகு கிடக்கும் இடத்தைச் செருப்புக் காலால் யாரும் மிதிப்பதில்லை. அவர் மனைவி கலைச்செல்வி ஷட்டருக்கு வெளியே, சாரலில் நனைந்த சிமெண்டில் நின்றாள். காலையில் ஷட்டரைத் தூக்கியபோது அவள் கை சுருக்கென்றது. அதற்காகத்தான் எலக்ட்ரீஷியன் அண்ணாமலையை வரச்சொல்லியிருந்தாள்.

“குளிர்ல வெரச்ச கைக்கு எல்லாமே சுருக்குன்னுதான் இருக்கும். இதுக்கு ஒரு ஆளு, அவனுக்கு ஒரு டீயி.”

“டீ நாந்தானுங்க வெச்சேன். உங்களுக்கு எங்க வலிக்குது?”

அண்ணாமலை உள்ளே சுவரோரம் நின்றிருந்தான். போன மாதம் தான் மாட்டிய பெட்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தான். எங்காவது கரண்ட் கசிந்தால் அந்த நொடியே லைனை வெட்டுகிற சுவிட்ச் அதில் இருந்தது. மாட்டியதிலிருந்து அது ஓயாமல் விழுந்து கரண்டை நிறுத்திக்கொண்டே இருந்தது. நாலு நாளாகத்தான் விழவில்லை. தானாகச் சரியாகிவிட்டது என்று அர்த்தனாரி சொல்லியிருந்தார்.

“செரி, கழட்டித் தொலைக்கிறேன்.”

கலைச்செல்வி ஒரு செருப்பை உதறினாள். வெறுங்கால் ஈரத்தில் பட்டது. மற்றதைக் கழற்றப் பிடிமானம் தேடி ஷட்டர் பக்கம் கையை நீட்டினாள்.

“அக்கா, தொடாதீங்க.”

மெதுவாகத்தான் சொன்னான். அவள் கை அந்தரத்தில் நின்றது.

டெஸ்டரை ஷட்டரில் வைத்தான். சிவப்பாக எரிந்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினான்.

“விசிறி வயரு ஷட்டர்ல நசுங்கியிருக்குங்க. பெட்டிக்குள்ள பாருங்க, சுவிட்சுல இருந்து லைனை உருவி நேரா முறுக்கி டேப்பு சுத்தியிருக்கு. அதான் நாலு நாளா விழல. காலைல செருப்பு இருந்ததால அக்காவுக்குச் சுருக்கோட போச்சு.”

“விசிறி நின்னா மொளகு பூஞ்ச பூத்துப்போயிருமேன்னு நாந்தான்...” என்றார் அர்த்தனாரி. அவர் கண் அவளுடைய வெறுங்காலில் நின்றுவிட்டது.

விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. உதறிய செருப்பை அவள் மறுபடி காலில் மாட்டிக்கொண்டாள்.

“ஏனுங்க, இப்பச் சொல்லுங்க. கழட்டிட்டே வரட்டுங்களா?”