வியாழனுக்குள் இலை

"பிரேமலா, ஒரு பிடி பச்சைப் பயறு குடுலா. கஞ்சிக்கு இல்ல, பாடத்துக்கு."

டிசம்பர் விடுமுறை, ஞாயிறு காலை. நான்காம் ஆண்டு அறிவியலுக்கு ஆண்டுப் பாடத்திட்டம் எழுதும் பொறுப்பு பிரேமலாவின் கணவர், ஆசிரியர் குணாளனுடையது. வீட்டில் செய்து பார்க்காத எந்தச் சோதனையையும் அவர் திட்டத்தில் சேர்க்கமாட்டார். ஒரு தட்டில் ஈரப்பஞ்சு வைத்துப் பயற்றைப் பரப்பினார். நோட்டில், "ஒன்பதாம் வாரம். ஞாயிறு ஊறவை. வியாழனுக்குள் இலை?" என்று எழுதினார். பிறகு காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கத் திகாம் பத்து டவுனுக்குப் போனவர், கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே மாரடைப்பில் சரிந்தார்.

துக்கத்துக்கு வந்த யாரோ அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு ஞாயிறு சசிகுமார் வந்தார். குணாளன் வேலை பார்த்த, பிரேமலா தமிழ் சொல்லிக்கொடுக்கும் அதே பள்ளிக்கு ஈப்போவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர்.

"டீச்சர், வியாழக்கிழமை மீட்டிங்ல திட்டத்தக் குடுக்கணும். சாரோடது பாதியில நிக்குது. ஈப்போ குருப்ல முழுசா ஒன்னு இருக்கு. பேர மட்டும் மாத்துனா முடிஞ்சிதுலா."

பிரேமலா அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். வாரம் திங்களில் தொடங்கியது. விதை ஊறவைப்பது வியாழனில் இருந்தது.

"தம்பி, இது கெடா மாநிலம், ஈப்போ மாதிரி இல்ல. வெள்ளி, சனி நமக்கு லீவு. ரெண்டு நாளும் யாரு தண்ணி தெளிப்பா, கேட்டுல நிக்கிற ஜாகாவா?"

சசிகுமார் சிரித்துவிட்டார். "பேப்பர்தானே டீச்சர், யாரு பாக்கப் போறா?"

"பதினோரு பிள்ளைங்க பாப்பாங்க. அவரு பேர்லயே போகட்டும். மிச்சத்த நான் எழுதித் தர்றேன்."

"ஒன்பதாவது வாரத்துல சார் போட்ட கேள்விக்குறி? ஹெட்மாஸ்டர் கேப்பாரே."

அவள் பயறு டப்பாவை எடுத்து, ஒரு பிடியைத் தட்டில் ஈரப்பஞ்சின் மேல் பரப்பினாள்.

"சரி டீச்சர். வியாழன் காலையில எல வரலன்னா ஈப்போ திட்டந்தான். கோவிச்சுக்கக் கூடாது."

திட்டத்தின் மிச்சத்தைத் தினமும் சில வாரங்கள் வீதம் எழுதி முடித்தாள். செவ்வாயன்று வேர் வந்தது. புதன் மாலைவரை வளைந்த தண்டு மட்டும்தான். வியாழன் காலை காப்பி கலக்கி முடிக்கும்வரை அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியபோது வெளிறிய இரண்டு இலைகள். ஒன்றில் பயற்றுத் தோல் இன்னும் ஒட்டியிருந்தது.

நோட்டில் குணாளன் போட்ட கேள்விக்குறியை அழிக்காமல், பக்கத்தில் "ஆம்" என்று எழுதினாள். ஏழு மணிக்கு வந்த சசிகுமார் தட்டைக் குனிந்து பார்த்தார். கணினியைத் திறந்து, திட்டத்தின் தலைப்பில் குணாளன் பெயரை அவரே தட்டினார்.

ஒன்பதாம் வாரம் ஞாயிறன்று பதினோரு பிள்ளைகளும் பயறு ஊறவைத்தார்கள். வியாழனுக்குள் இலை விட்டது.